தழுவூர்க் கடிகையின் கொக்குக் கொடி குறித்து எழுதிய ஓலை

ஏழாற்றுப் படுகையும் உப்பங்கரையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் மாதேவி குவளைக்கொடியார் திருமுன்பு, அவர்தம் நாட்டில் மழை குன்றாதிருக்க வேண்டி, ஓலைநாயகம் பெருஞ்சேந்தன் கல்விச்சாலையாகிய தழுவூர்க் கடிகையின் முற்றத்திலிருந்து வணங்கி எழுதுவது. வாழ்த்தை இன்னும் நீட்டியிருப்பேன், கூச்சல் விடவில்லை.

கடிகையின் மல்லர்க்கும் ஓட்டர்க்கும் தைலம் காய்ச்சும் வெண்ணி என்பாள், கொக்குக் கொடியை அரிவாளால் இரண்டாகக் கிழித்துவிட்டு, அரிவாளைக் கீழே போடாமலே நின்றாள். இவளுக்குப் பித்தம் ஏறிவிட்டது, இவள் தைலத்தை இவள் தலையிலேயே தேய்க்கவேண்டும் என்று ஒரு மாணாக்கன் கத்த, நேற்றுவரை உன் முழங்காலை நிமிர்த்தியது எவள் தைலமடா என்று திருப்பிக் கேட்டாள். கடிகைத் தலைவர் என்னைப் பார்த்தார். நானோ நன்றாகக் கேட்கும் இடமாகத் தேடி உட்கார்ந்தேன்.

ஏனைய கடிகைகளின் விளையாட்டு அணிகள் வேங்கை, யானை என்று மார்தட்ட, இவர்கள் மட்டும் கொக்குகள் ஆன வரலாற்றைத்தானே மாதேவியார் கேட்டனுப்பினீர்கள்? பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஓர் ஓலையோட்டம். நால்வர் நான்கு கல்லில் நின்று ஓலையைக் கைமாற்றி ஓடுவர். ஓலை வருமுன் கல்லை விட்டு இறங்கினால் அந்த அணி தோற்றது. மூன்றாமவன் ஆதன், வெண்ணியின் தம்பி. கடைசிக் கல்லில் எயினன், வெண்ணிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. எதிரணியான மேலைக் கடிகையார் ஓடி வென்று திரும்பிய பின்னும் எயினன் ஒரு காலைக் கல்லில் ஊன்றி, மறுகாலைத் தூக்கியபடியே நின்றான். அவர்கள் அவன் இடுப்பில் மீனைக் கட்டிக் கொக்கென்று சிரித்தனர். விளக்கு வைக்கும் வேளையில்தான், பாம்பு தீண்டி இறந்துகிடந்த ஆதனைப் பனங்காட்டில் கண்டனர். ஓலை அவன் கைக்குள் கசங்காமல் இருந்தது.

மறு ஆண்டே இவர்கள் அந்த ஏளனத்தையே பெருமையாக்கிக் கொக்கைக் கொடியில் ஏற்றினர். அசையாத எயினன் ஓட்ட ஆசானானான். திருமணத்தை மட்டும் அவனே நிறுத்தினான். ஊர் ஆளுக்கொரு காரணம் சொன்னது. என் மனைவியிடம் மட்டும் நான்கு இருந்தன.

இத்தனை நாள் பொறுத்தவள் இன்று அரிவாள் எடுத்தது, கொக்கு என்ற அப்பெயர் செப்பேட்டில் ஏறப்போகிறது என்று நான் வந்து அறிவித்ததால். நின்றவனுக்குப் பெயர் வந்ததே, ஓடி விழுந்தவனுக்கு என்ன வந்தது என்று கேட்டாள்.

எயினன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் சொல்வதே சரி என்றான். அன்று பனங்காட்டிலிருந்து தன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கேட்டதாம். காலையில் மேலைக் கடிகையார் அப்படித்தான் கூவி ஒருவனைக் கல்லைவிட்டு இறக்கப் பார்த்தனர். இதுவும் சூதென்று நினைத்தானாம். மறுமுறை கேட்டபோது ஆதன் குரலென்று தெரிந்ததாம். தெரிந்தும் ஒரு கணம் பந்தயத்தை நினைத்தானாம். மூன்றாம் முறை கேட்கவில்லை. அதன்பின் இறங்கினால், கேட்டும் நின்றது வெளிப்பட்டுவிடும் என்றே அந்தி வரை நின்றானாம்.

வெண்ணி அரிவாளைக் கீழே வைத்தாள். கொக்கு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பறக்கிற கொக்காக வரையுங்கள், நிற்கிற கொக்கை இனி என் கண்ணில் காட்டாதீர்கள் என்றாள்.

ஆகவே மாதேவியார் தந்த கணையாழியின்பேரில் யான் இட்ட கட்டளையாவது: கல்லில் நிற்பவன் தன்னை அழைக்கும் குரல் கேட்டால் கல்லைவிட்டு ஓடுக, பொய்க்குரலாயினும் ஓடுக, அதனைத் தோல்வியென எவரும் எண்ணற்க. செப்பேட்டில் ஆதன் பெயரே பொறிக்கப்படுக.

இவ்வோலையை மூடுமுன் இதுவும் நடந்தது: எயினன் ஆசான் வேலையைத் துறந்து, மறுநாள் காலை ஓடமேறி உப்பங்கரைக்குக் குடிபோனான். பன்னிரண்டு ஆண்டாக யாரையும் மணக்காத வெண்ணியும் துறையில் நின்றாள். தைலம் விற்கவே துறைக்கு வந்தேன் என்றாள். கையில் ஒரு குப்பிகூட இல்லை. ஓடம் மறைந்தபின் எவ்வளவு நேரம் அவள் அங்கே நின்றாள் என்பதை, எதையும் விடாமல் பார்த்தெழுதும் நான், பார்க்காமல் வந்துவிட்டேன்.

அரக்கிட்டு முத்திரை ஒற்றினேன். நாடு வாழ்க.