பதினேழாம் நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஆகவே அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மற்றதை எழுதுகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? பாப்பா அனுப்பிய படம் வந்தது. மூக்கு அப்படியே நம் அப்பா மூக்கு. கோபப்படாதே, உள்ளதைச் சொன்னேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். அப்பா பேச்சை எடுத்தால் நீ பால் பொங்குகிறது என்று வைத்துவிடுவாய். இருபத்திரண்டு வருஷமாக உன் வீட்டில் பொங்கின பாலில் ஒரு குளமே நிரம்பியிருக்கும். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. இன்று வைத்தாலும் நாளைக்கு எடுத்துப் படிப்பாய், எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்துக்கு அப்பா தன் நோட்டுகளை எல்லாம் கொடுத்துவிட்டார். ஆற்று மட்டம் எழுதின நோட்டுகள், முப்பத்தொரு வருஷத்து நோட்டுகள். நாம் சின்னதில் தொட்டால் முதுகில் ஒன்று வைப்பாரே, அதே நோட்டுகள். ஊர்ச் சரித்திரம் எழுதுகிற வாத்தியார் ஒருவர் எங்கள் வாசிப்பறைக்கு வருவார். மழை வெள்ளம் பற்றி ஊரில் கணக்கு வைத்த ஒரே மனிதர் உங்கள் அப்பாதான், அதைக் கரையானுக்கா கொடுக்கப் போகிறீர்கள் என்று என்னைத் துளைத்து எடுத்துவிட்டார். நான் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பரணைக் காட்டினார்.

அந்த நோட்டுகளை வகைப்படுத்தும் வேலை எனக்கே வந்தது. எங்கள் மேலதிகாரி அம்மாவை நாங்கள் பென்சிலம்மா என்போம். யார் வந்தாலும் வாசலிலேயே பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பென்சில் கொடுப்பார். அமைச்சரே வந்தாலும் அதுதான். சொந்த அப்பா காகிதத்தைச் சொந்த மகள் தொடலாமா என்று கேட்டேன். "தொடு, ஆனா மகளா தொடாத" என்றார்.

முயன்று பார்த்தேன் அக்கா. முடியவில்லை. மூன்று வாரமாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டேன். காலை ஆறு மணி, இரண்டடி ஏழங்குலம். மதியம், இரண்டடி ஏழங்குலம். மாலை, இரண்டடி எட்டு. இப்படியே பக்கம் பக்கமாக. படிக்கப் படிக்கக் கண் சொக்கும். காப்பகத்தின் தரையில் தண்ணீர் மெல்ல ஏறுவதுபோல இருக்கும். அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துவிடுமோ என்று ஒருநாள் நான் குனிந்தே பார்த்துவிட்டேன். பென்சிலம்மா என்னவென்று கேட்டார். ரப்பர் விழுந்துவிட்டது என்றேன்.

கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுத இடம் இருக்கும். நம் அப்பாவா இதை எழுதினார் என்று இருந்தது. "பனி. எதிர்க்கரை இல்லை." "ஒரு செருப்பு போனது. இடது கால்." "மர நாற்காலி ஒன்று மிதந்து போனது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை." வீட்டில் சாப்பாடு ஆச்சா, விளக்கை அணை என்பதைத் தாண்டிப் பேசாத மனிதர் அத்தனை வருஷமும் ஆற்றிடம் பேசிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு ஆற்றின்மேல் பொறாமையாகக்கூட வந்தது.

இனி நிபந்தனை விஷயம். எங்களுக்குக் காகிதம் கொடுப்பவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிபந்தனை ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். எல்லோரும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அப்பா இப்படி எழுதியிருந்தார்: "பதினேழாம் நோட்டை என் மூத்த மகள் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை யாருக்கும் காட்ட வேண்டாம்."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வயிற்றெரிச்சல். கூட இருந்து கஞ்சி வைத்துக் கொடுப்பவள் நான், நோட்டு மட்டும் உனக்கா? வாத்தியாரோ அந்த நோட்டுக்காகத் தவம் கிடக்கிறார். பெரிய வெள்ளம் வந்த வருஷம் அதில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் அப்பா பிகு பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எண் போடும் உரிமை காப்பகத்துக்கு உண்டு என்பதால் பதினேழையும் நான்தான் பிரித்தேன். அங்கேதான் ஒரு தப்புப் பண்ணினேன். எழுத்து இல்லாத தாளுக்கு எண் போடக் கூடாது என்பது எங்கள் விதி. அரைத் தூக்கத்தில் நூற்று நாற்பத்து மூன்று போட்டேன், வெறும் தாள் ஒன்றைத் தள்ளினேன், நூற்று நாற்பத்து நான்கு போட்டேன். சரிபார்த்த பென்சிலம்மா நோட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "இது வெத்துத் தாள் இல்லம்மா, தேதி இருக்கு பாரு" என்றார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வரப்போகும் வாரத்துக்குத் தேதி எழுதி வைத்துவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தாளிலும் மூலையில் சின்னதாகத் தேதி இருந்தது. கோடுகள் இருந்தன. காலை இல்லை, மதியம் இல்லை, மாலை இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரே ஒரு பக்கம்தான். அம்மா இறந்த அன்றுகூட மூன்று வேளையும் அளந்திருக்கிறார். இந்த வெறும் பக்கத்துக்கு அடுத்த நாள் குறிப்பில் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார். "நேற்றைய அளவு இல்லை. குற்றம் என்னுடையது."

தேதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று உன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்த பன்னிரண்டு வயது மேதை நான்தான். அத்தான் டிக்கெட்டை வைத்துக்கொண்டு திருதிரு என்று விழித்தார். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வண்டி கிளம்பும்வரை ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாய். "போறவங்கள வழியனுப்ப எனக்கு நேரமில்ல, ஆறு கெடக்கு" என்று முந்தின நாள் அப்பா சொன்ன சொல்லை நீ இன்றுவரை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. விடிவதற்கு முன்பே அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். பெண்ணைவிட ஆறு பெரிதாகப் போய்விட்டதா என்று நீ கேட்டாய்.

நேற்று மத்தியானம் அவருக்குத் தலையணையைச் சரி பண்ணிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அன்றைக்கு ஏன் அளக்கவில்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரயில் பாலத்துக்குப் போயிட்டேன். அவ எந்த வண்டில போறான்னு தெரியாது, கேக்க வாய் வரல. அன்னைக்கு நாலு வண்டி. எந்தப் பெட்டின்னும் தெரியாது. அதான் எல்லாப் பெட்டிக்கும் கை காட்டினேன்."

அக்கா, எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. உடனே அடுப்பங்கரைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அந்தப் பாலத்தின் நடைபாதை ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கே நின்று, முன்பின் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார். காலடியில் ஆறு போயிருக்கிறது. அதை அளக்கவில்லை. நீ பாலத்தில் போகும்போது முகத்தை மூடிக்கொண்டு அழுதிருப்பாய், பார்த்திருக்க மாட்டாய். பார்த்தாயா? பார்த்திருந்தால் இத்தனை வருஷம் ஆகியிருக்காது.

நகல் எடுத்து அனுப்பு என்று எழுதிவிடாதே. அடைத்து வைத்த நோட்டை நகல் எடுக்கக் கூடாது, கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. நிபந்தனையை மாற்றிக்கொள்ளுங்கள் அப்பா, அவள் எங்கே வரப்போகிறாள் என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையாட்டினார். அவர் இருக்கும்வரை அவர் மட்டும்தான் மாற்றலாம். அதற்குப் பிறகு மாற்ற ஒருவருக்கும் உரிமை இல்லை. வாத்தியாரிடம் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரும் வெள்ளத்தை விட்டுவிட்டு உன்னைப் பற்றியே விசாரிக்கிறார்.

ஆரம்பத்தில் தள்ளி வைத்ததை இப்போது எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். பெட்டியை மூடிக்கொண்டே, இவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பெண்கள் என்றேன். இரண்டு பேரும் ஊரில்தான் இருக்கிறீர்களா என்றார்.

அப்பா இப்போது பாதி நேரம் தூக்கத்தில்தான் இருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. கிட்டே போய்க் கேட்டால் இரண்டடி நான்கு, இரண்டடி மூன்று என்கிறார். மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வருகிறது. அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பண்ணின தப்பைத் திருத்திவிட்டேன். அந்தத் தாளுக்கு இப்போது நூற்று நாற்பத்து மூன்று அ என்று எண். உன் பேரில் வாசகர் அட்டையும் எழுதி வைத்திருக்கிறேன். வாசிப்பறை பத்து மணிக்குத் திறக்கும். ஜன்னல் ஓர மேசை உனக்கு. பென்சிலம்மா பேனாவைப் பிடுங்கினால் சண்டை போடாதே.

அவரால் இனி பாலம்வரை நடக்க முடியாது. நான் போய் நிற்கிறேன். நீ எந்த வண்டி, எந்தப் பெட்டி என்று மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு அக்கா. அவருக்குச் சொல்ல வேண்டும்.

வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

உன் பையைத் தூக்கி வந்த,
வாலு