மாமி, உங்கள் எண்ணெய்ப் போத்தலைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன்

மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கடைசிவரை "தம்பி" என்றே கூப்பிட்ட என் அன்பு மாமி,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இந்த முறை ஸ்கந்தபுரத்தில் நல்ல விளைச்சல். நெல் வெட்டும் மெசினுக்குப் பின்னால் பெரிய முதலாளி மாதிரி நின்றேன். காற்றுத் திரும்பியது; வலது கண்ணுக்குள் உமி விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றாள் உங்கள் மகள்.

"மாமியின்ர ஆமணக்கெண்ணெய் இருக்கேக்க ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றேன்.

சிரிக்காதீர்கள். வெற்றிலைக் காம்பில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு நீங்கள் என் கண்ணைத் தேடி வந்தபோதெல்லாம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான்தான். இப்போது நானே அலுமாரியைத் திறந்து, நீங்கள் விட்டுப்போன போத்தலை எடுத்து, அடியில் கிடந்த கறுத்த மண்டியைக்கூட வீணாக்காமல் மூன்று நாள் கண்ணில் விட்டேன்.

நாலாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. உங்கள் மகளின் முகம் புகைக்குள் நின்றது.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் போன அம்மாவுக்குப் பெரிய ஏச்சு. கண்ணில் ஏதோ இலைச்சாறு விட்டாவாம். வெளியே வாங்குப் பலகையில் இருந்த எனக்கே வியர்த்தது. உங்கள் மகள் பதிவுத் துண்டு எடுக்க வரிசையில் நின்ற நேரம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"கண்ணுக்குள்ள ஏதும் விட்டனீங்களோ?"

"இல்லை டொக்டர். தண்ணி மட்டுந்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. கருவிழியில புண். என்ன பட்டதெண்டு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து தரலாம்."

"சத்தியமா ஒண்டும் விடேல்லை."

உங்கள் பேர் கெடக்கூடாதென்று பொய் சொன்னதாக எழுதத்தான் ஆசை. காப்பாற்றியது என் மானத்தை. ஊரில் எல்லாருடைய மடைத்தனத்தையும் கதையாக்கித் திரிபவன் அல்லவா நான்?

தந்த துளிமருந்தை மூன்று நாளாக விடுகிறேன். புள்ளி பெரிதாகிவிட்டது. இன்றைக்கு நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். எழுத்தும் இல்லை, படத்திலிருந்த முருகனும் இல்லை.

உங்களுக்கும் இடது கண் மங்கித்தானே இருந்தது? கேட்டால் "வயசுக் குறை தம்பி" என்பீர்கள். வயது மட்டும்தானா? நீங்களும் யாரிடமாவது "ஒண்டும் விடேல்லை" என்று சொன்னீர்களா?

நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறோம். போத்தலைப் பையில் வைத்துவிட்டேன். டொக்டரின் மேசையில் அதை வைத்து, விட்டதையும் மறைத்ததையும் சொல்லிவிடுவேன். இது சத்தியம், போன சத்தியம் மாதிரி இல்லை. ஏச்சில் பாதி உங்களுக்கு. பயம் முழுவதும் எனக்கே.

இனிக் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடாத,
உங்கள் ஒரே மருமகன்