மணிக்கு ஒரு சாண்

ஜூலை 3
ஓடிவிட்டது! ஆற்றின் நீர்மட்டத்தை முன்கூட்டிச் சொல்லும் கணக்கு ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் இருக்கிறது; அதை, சி மொழியில் நான் எழுதிய நிரலிலிருந்து அழைக்கும் வேலை. சி-யில் எண்ணைக் கொடுத்தால் நகல்தான் போகும். ஃபோர்ட்ரானுக்கு அது ஆகாது. கணினியின் நினைவகத்தில் எண் இருக்கும் இடத்தின் முகவரி வேண்டும். இத்தனை நாள் எண்ணையே கொடுத்தேன்; அது அதை முகவரி என்று நம்பி எங்கோ போய் விழுந்தது. இன்று முகவரி கொடுத்தேன். முதல் மணிக்கான விடை, இதுவரை ஓடிய பழைய நிரலில் வருவது போலவே அச்சு அசலாக வந்தது. பிரிவுத் தலைவர், "பொழச்சுக்குவே" என்றார்.

ஜூலை 11
மழை விடவில்லை. நிரலில் மட்டும் அடுத்தடுத்த மணிகளில் ஆறு இறங்குகிறது. இந்த மழையில் எப்படி?
தலைவரிடம் போனேன். "வருஷக்கணக்கா ஓடுற கணக்கும்மா. ஆறு வடிஞ்சா உனக்கு என்ன வருத்தம்?" பக்கத்து மேசைகள் சிரித்தன. "சரி, எங்க தப்பு? காட்டு."
காட்டத் தெரியவில்லை. அறிவிப்பு போய்விட்டது: நீர் வடியும்.

ஜூலை 12
அக்கா வீடு ஆற்றங்கரைத் தெருவில், தரைத்தளம். காலையிலேயே போன் செய்தேன்.
"கிளம்பி இங்க வந்துடுக்கா."
"வடியும்னு உங்க ஆபீஸ்லயே போட்டிருக்காங்களேடி."
"அது தப்பு."
"என்ன தப்பு?"
தெரியலையே — எனக்கே தெரியாததை எப்படிச் சொல்ல? பின்னாலிருந்து அத்தான்: "ஆபீஸை நம்பணுமா, அவளை நம்பணுமா? ஏதாவது ஒண்ணச் சொல்லச் சொல்லு."

ஜூலை 13
அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூலை 14
நேற்றிரவு ஆறு அக்கா தெருவுக்குள் வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்களாம். அக்கா, அத்தான், குழந்தை மூவரும் பத்திரம். கீழே எல்லாம் சேறு. அக்கா பிழைப்பை ஓட்டும் தையல் மெஷினும். அவள் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூலை 17
கண்டுபிடித்தேன். அணையின் நீர்மட்ட அளவுகோல் எப்போதும் ஒரு சாண் கூடுதலாகக் காட்டும். ஃபோர்ட்ரான் அதைக் கழித்து, வந்த முகவரியிலேயே திரும்ப எழுதிவிடுகிறது. பழைய நிரல் ஒவ்வொரு முறையும் அளவைப் புதிதாகப் படித்ததால் பாதகமில்லை. நானோ காலை அளவின் முகவரியையே மணிக்கு மணி நீட்டினேன். கழித்ததிலேயே மறுபடி கழித்தது. நகலெடுத்து, நகலின் முகவரியைக் கொடுத்தால் போதும். ஒரே வரி.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 19
திருத்திய நிரலில் வெள்ளத்தன்றைய எண்களை ஓட்டினேன். தெருமட்டத்துக்கு மேல் வந்த உயரத்தை டேப்பால் தெருவிலிருந்து அளந்து, அக்கா வீட்டுச் சுவரில் விரல் வைத்தேன். விரல், வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோட்டிலேயே நின்றது.
"இப்ப சரியாச் சொல்லுதாடி?" என்றாள் அக்கா, பெருக்குவதை நிறுத்தாமல்.
"ஆமாக்கா."