ஜெவானின் கட்டில் கிடந்த இடம்

போர்ட்லண்ட், ஜமெய்க்கா
6 மார்ச் 1988

அன்புத் தங்கை மார்வாவுக்கு,

அந்த ஊர்க் குளிரிலும் கர்த்தர் உன்னைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் மகள் நெரிஸாவும் நலம். நலம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அதற்குள் நிறைய இருக்கிறது. வேலையெல்லாம் முடித்துவிட்டு, உட்கார்ந்து படி.

நீ கப்பலில் அனுப்பிய சாமான் பீப்பாய் வந்து சேர்ந்தது. அரிசி, சோப்பு, துணி எல்லாம் பத்திரம். நெரிஸாவின் ஷூ மட்டும் காலைக் கடிக்கிறது. டொரன்டோவில் இருந்துகொண்டு பிள்ளையின் கால் வளர்வதை நீ எப்படிப் பார்ப்பாய்? குறையாகச் சொல்லவில்லை, அடுத்த தடவை ஓரளவு பெரிதாக வாங்கு. சீமைப்பலா இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. தையல் வேலையும் பரவாயில்லை, ஈஸ்டர் வருவதால் எல்லாப் பெண்களுக்கும் திடீரென்று வெள்ளைக் கவுன் வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். போன தவணையில் அவள் ஒரு பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். அந்தக் குட்டி வாய்த்துடுக்காக, "ஒங்கம்மால்லாம் வரமாட்டா, பீப்பாய்தான் வரும்"னு சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னார். நான் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள், இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்திருக்கலாம் என்றுதான் இருந்தது. கடித்ததுகூடப் பெரிதில்லை. வீட்டில் அவள் பேசுவதே இல்லை. நீ போனதிலிருந்து கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

இனி உன் வீட்டு விஷயம். உன் மகன் ஜெவானை ஆறு கொண்டுபோன பிறகு அந்த வாசலை மிதிக்க மாட்டேன், விற்றுவிடு என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ சொன்னபடியே ஆள் பார்த்தேன். பான்கிராஃப்ட் என்று ஒருவர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், மலை மாதிரி உடம்பு. ஆனால் அதற்கு முன்பே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, பூட்டிய வீட்டுக்குள் சாயங்காலமானால் ஏதோ தரதரவென்று இழுபடுகிறது என்று. கடைக்கார ஐவி, "பையன் போகலடி யூலின், அங்கதான் இருக்கான்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பேய் அண்டாமலிருக்கச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்கள். பான்கிராஃப்ட் வந்த அன்று நான் பூட்டில் சாவியை நுழைக்கும்போதே உள்ளே தடால் என்று ஒரு சத்தம். மனிதர் தொப்பியை விட்டுவிட்டு ஓடிவிட்டார். தொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பேயை விரட்டக் கை நிறைய உப்பும், வாயில் சங்கீத வசனமுமாகப் பின்பக்கம் போனேன். ஜன்னல் பலகை ஒன்று கழன்றிருந்தது. எட்டிப் பார்த்தால், பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன உன் மகள், ஜெவானின் கட்டிலை ஒரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். மறுமுனையில் ஒரேன்.

ஆமாம், அந்த ஒரேன்தான். ஜெவானோடு ஆற்றுக்குப் போய்த் தான் மட்டும் திரும்பி வந்தவன். சாவு வீட்டில் நீ முற்றத்தைவிட்டு விரட்டிய பையன். இங்கேயே கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடாதே, மேலே படி.

ஜெவான் போன ஒன்பதாம் இரவு ஜெபம் முடிந்ததும் நாமெல்லாம் சேர்ந்து அறையை மாற்றிப் போட்டோமே. அப்பாவுக்குச் செய்த மாதிரியே கட்டிலை வேறு சுவருக்குத் தள்ளி, அலமாரியைத் திருப்பி வைத்தோம். போனவன் திரும்பி வந்தாலும் இது தன் அறையென்று தெரியாமல், நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் செய்தோம். நெரிஸா மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் இப்போது ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்கிறாள். ஏனடி என்று கேட்டேன். "எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டீங்களே பெரியம்மா, அவன் வந்தா எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்றாள்.

முதலில் அந்த வீட்டுக்குள் புகுந்தது ஒரேன்தான். அவனை இங்கே எந்தப் பிள்ளையும் விளையாடச் சேர்ப்பதில்லை. "ஆத்துல விட்டுட்டு வந்தவன்" என்பதுதான் அவன் பெயர். நெரிஸா அவனை உள்ளே பார்த்ததும் கல்லை எடுத்துக்கொண்டு அடிக்கப் போயிருக்கிறாள். அவன் ஓடவில்லை. "அடி" என்று நின்றானாம். அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலின் மறுமுனையைத் தூக்கச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிநேகம் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஜெவானின் கையைக் கடைசி வரை பிடித்திருந்ததையும், தண்ணீர் பிரித்ததையும் அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். நாம் யாரும் அவனைக் கேட்கவே இல்லையே, மார்வா. இனி இங்கே வரக்கூடாது என்று நான் அதட்டியபோது உன் மகள் முதன்முறையாக என்னிடம் நீளமாகப் பேசினாள். "இவன் ஒருத்தன்தான் எங்கிட்ட ஜெவானைப் பத்திப் பேசறான். நீங்கல்லாம் பேரக்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்க. அம்மா லெட்டர்லகூட எழுதறதில்ல. பேய்னு சொல்றவங்களாவது அவன் பேரைச் சொல்றாங்க." நான் உப்பைக் கீழே கொட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்தப் பையன் தன் சட்டையைக் கழற்றி, முகம் துடைக்கக் கொடுத்தான். நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம்.

அதன்பிறகு நானே அவர்களைப் போகவிடுகிறேன், சாவியையும் கொடுத்துவிட்டேன். டாமினோ ஆடுகிறார்கள், மூன்று பேருக்குக் காய் போட்டு. ஜெவான் கள்ளாட்டம் ஆடுகிறான் என்று இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே ஆடுவான்! அவன் அங்கே இருக்கிறானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் எதையும் பார்க்கவில்லை. உன் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், யாரையும் கடிப்பதில்லை, தூக்கத்தில் கத்துவதும் நின்றுவிட்டது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பான்கிராஃப்ட் மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார். போதகரை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு வாங்கிக்கொள்கிறாராம், ஈஸ்டருக்குள் பதில் வேண்டுமாம். வீடு உன்னுடையது, நீ விற்கச் சொன்னால் விற்கத்தான் வேண்டும். ஆனால் விற்காதே. அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் வேறு இடமில்லை. முடிந்தால் ஒரேனுக்கும் ஒரு வரி எழுது. மன்னித்தேன் என்றெல்லாம் எழுத வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

அங்கே தங்குவதற்கான பேப்பர் கைக்கு வருமுன் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்தேன். ஜெவானின் அறை முடிந்துவிட்டது. இப்போது உன் அறையில் இறங்கியிருக்கிறார்கள். அந்த ஒன்பதாம் இரவு உன் கட்டிலையும்தானே மாற்றிப் போட்டோம். அது முன்பு எந்தச் சுவரோரம் கிடந்தது என்று நெரிஸாவுக்கு நினைவில்லை. அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அதான் அம்மாவும் வரலையா?" என்று கேட்டாள்.

உன் கட்டில் கிடந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். மறந்துவிட்டதென்று சொல்லிவிட்டேன். அது அம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன். கட்டில் இப்போது நட்ட நடு அறையில் நிற்கிறது. இருவரும் காத்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் கடிதத்தில் மட்டும் எழுதி அனுப்பிவிடாதே, மார்வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அக்கா,
யூலின்