வில்லைமேல் நார்க்கீறல்

7 ஜூலை '97, திங்கள்

காலையிலிருந்து தூறல். சாமுண்டி மலையையே காணோம். பழைய லேபைக் காலி செய்கிறோம். அலமாரி மூன்று முடிந்தது. தும்மல் முந்நூறு.

அடியில் என் '89 நோட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! பிரசவ ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி வாங்கி, ஐஸ் பிளாஸ்கில் போட்டு, மடியில் அணைத்தபடி ஆட்டோவில் வருவேன். அதிலிருந்து ரத்தக்குழாய்ச் செல்களைப் பிரித்து பிளாஸ்டிக் வில்லைமேல் வளர்ப்போம். செயற்கை ரத்தக்குழாய்க்கு எந்த பிளாஸ்டிக் ஒத்துவரும் என்று பார்க்க.

அப்போதெல்லாம் பதினோரு மணிக்கு சரோஜாக்காவோடு டீ. லேபில் பாத்திரமும் வில்லைகளும் கழுவினவர், தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர். மைசூரில் என்னை 'அம்மிணி' என்று கூப்பிட்ட ஒரே ஆள். அந்த டீ இப்போது வேண்டும்போல் இருக்கிறது.

8, செவ்வாய்

வாங்க: கயிறு, பாச்சை உருண்டை, அம்மாவுக்கு மாத்திரை.

நோட்டில் ஒரு பக்கம்: "வில்லை 14. செல்கள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு படுத்திருக்கின்றன. சரோஜா தேங்காய் நாரால் தேய்த்துக் கீறிவிட்டாள். வீண்." கீறிவிட்டாளாம்! என்ன திமிர் எனக்கு.

இந்த வருஷம் எங்கள் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து மெல்லிய வரிப்பள்ளம் போட்ட வில்லைகள் வரவழைத்தார். செல்கள் பள்ளத்தோடு நீண்டு படுக்கின்றன. மேலே திரவத்தை ஓடவிட்டாலும் பிடி விடுவதில்லை. வழவழ வில்லையில் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. இதே சங்கதியை எட்டு வருஷம் முன்னால் கண்ணால் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டிருக்கிறேன். மண்டு.

அன்று பேரா. முன்னால் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாளே தோட்ட வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் அக்கா லேப் படி ஏறவே இல்லை. டீயும் நின்றது.

9, புதன்

மறுபடி மழை. பேரா.விடம் நோட்டைக் காட்டினேன். இந்த வருஷ ஆராய்ச்சிக் கட்டுரையில் 'முன்பே கீறிப் பார்த்திருக்கிறோம்' என்று போட்டுக்கொள்ளலாமாம். முடியாது சார், சரோஜாக்கா பேர் வர வேண்டும் என்றேன். சரி, முதலில் அந்தம்மாவைப் போய்க் கேள் என்றார்.

போகத்தான் வேண்டும். தோட்டத்து ஆட்களிடம் விலாசம் வாங்கி வைத்தேன்.

11, வெள்ளி

சரோஜாக்கா தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டிவலி. என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். செல் படத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன். உங்கள் நார்தான் முதலில் காட்டிக்கொடுத்தது, உங்கள் பேரைப் போடப்போகிறோம் என்றேன். அன்று திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அழுதேவிட்டேன்.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழுக்குப் போகலீன்னா நார் போட்டுத் தேயுங்கன்னு சொன்னதே நீங்கதானுங்க அம்மிணி."

எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கே ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பெரியவரு பக்கத்துல நின்னாருங்களே. அப்ப உங்களுக்கு வேலையே இன்னும் நிலைக்கலீங்க."