புருவத்துக்கு ஏது வேண்டுதல்

அக்கா,

நேற்று திண்டிவனம் போகும் பஸ்ஸில், மயிலம் முருகன் கோயில் அருகே ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த வாசனை முகத்தில் அடித்தது. எல்லோரும் தலையைப் பார்ப்பார்கள். நான் அவள் புருவத்தைப் பார்த்தேன். அடர்த்தியாக இருந்தது. உண்மையான வேண்டுதல்தான் என்று மனசு சமாதானமானது. பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

உங்களை நான் குரலாகத்தான் அறிவேன். மார்பில் புற்றுநோய் வந்த கிராமத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரை, ஆஸ்பத்திரி சிஸ்டர் புதன்கிழமைதோறும் ஒரே போன் அழைப்பில் சேர்ப்பார். கேமரா வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். முகம் தெரியாத தைரியத்தில்தான் பேசினோம். நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசுவேன். நீங்கள் அனந்தபுரத்துப் பக்கம், களை எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இருவருக்கும் ஆபரேஷன் முடிந்து, அடுத்தது கீமோ. எனக்குத்தான் முதலில் தேதி வந்தது. என் வீட்டில் கணவருக்கு மட்டுமே உண்மை தெரியும்; மற்றவர்களுக்கு அது சாதாரணக் கட்டி. முடி கொட்டினால் என்ன சொல்வது என்று அழுதேன்.

"கொட்றதுக்கு முன்னாடி நீயே மயிலத்துல மொட்டை போட்டுக்கோடி. வேண்டுதல்னு சொல்லு. எவ கேப்பா?"

"முருகன் கோவிச்சுக்கினா?"

"அவருக்குத் தெரியாத பேஜாராடி நம்மளது?"

போட்டுக்கொண்டேன். மாமியாரே சந்தனம் பூசிவிட்டு, மருமகளின் பக்தியைத் தெருவெல்லாம் சொல்லிவந்தார்.

காய்ச்சல், சளி என்று உங்கள் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. என் மூன்றாவது கீமோ முடிந்த வாரம் கேட்டீர்கள்: "புருவமும் பூடுமாடி?"

"பூடுச்சிக்கா. மாமியா கண்டுபுடிச்சிட்டாங்க. புருவத்தை எந்த சாமிக்கு வேண்டிக்கினேன்னு கேக்கறாங்க" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரித்தீர்களா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை, "பாண்டி ஆஸ்பத்திரியில கீமோ போட்டுக்கினேன், மொட்டையும் ஆச்சு" என்றீர்கள். சிஸ்டர் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். இன்றைக்கு, நாளைக்கு என்று சாக்குச் சொன்னீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, "வாய் புண்ணானா கேப்பைக் கூழை ஆறவச்சி மோர் ஊத்திக் குடி" என்றீர்கள். அது நான் உங்களுக்குச் சொன்னது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று நான் அழுத அன்று, "நானே போட்டுக்கினு வர்றேன், உனக்கு என்னாடி கேடு?" என்று அதட்டினீர்கள். அந்த அதட்டலில்தான் ஆறாவதுக்குப் போனேன். உயிரோடு இருக்கிறேன்.

உங்கள் போனில் 'திண்டிவனம் தங்கச்சி' என்று என் பெயர் இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் உங்கள் மகள் சாவுச் செய்தி சொன்னாள். வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இடுப்பு வரை நீண்ட பின்னலும், தலை நிறையப் பூவுமாக ஒருத்தி படுத்திருந்தாள். சாவு வீடு மாறி வந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பி வாசல் வரை போய்விட்டேன், அக்கா. "நீங்க திண்டிவனத்து சின்னம்மாவா?" என்று உங்கள் மகள்தான் என் கையைப் பிடித்தாள்.

உங்கள் நாத்தனார் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "மாப்ள வீட்டுக்காரங்க மயிலம். மொட்டைய தெனம் பாக்கறவங்க. புருவம் போனா என்னா வேண்டுதல்னு சொல்றது, பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு சொல்லிக்கினே இருந்தா. ஒரு ஊசி போட்டுக்கல." தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று நினைத்துச் சம்பந்தத்தை முறித்துவிடுவார்கள் என்ற பயம். கல்யாணம் முடிந்தபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது. மகளிடம், மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி வைத்திருந்தீர்கள்.

புருவத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னது நான்தான். போகாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நீங்கள் கீமோவுக்குப் போயிருப்பீர்களா? தெரியவில்லை.

போன வாரம் உங்கள் மகள் பேசினாள். மார்பில் ஏதோ தட்டுப்படுகிறதாம். "மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும் சின்னம்மா? அம்மாவுக்கு மாத்திரையே போதும்னாங்க இல்ல? எனக்கும் அதையே வாங்கிக் குடுங்க" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் உயிரைக் கொடுத்து மறைத்ததை ஐந்து நிமிடத்தில் உடைத்தேன். அவள் கேட்டாள்: "அப்ப அம்மா என்னாலதான் செத்தாங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில பஸ் ஏறு. ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிக்கறேன்" என்றேன்.

வந்தாள். வரிசையில் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை. எதுவாக இருந்தாலும் அவளை இழுத்துக்கொண்டு போவேன், விடமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்பாள். என்ன சொல்வது என்று கேட்க எனக்கு உங்கள் எண் ஒன்றுதான் தெரியும். அந்த எண்ணில் இப்போது அவள்தான் பேசுகிறாள்.