தையல்காரியின் கடிதம்

3 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

சௌக்கியமா? போன் போட்டால் மாமாதான் எடுக்கிறார், "அவ வேலையா இருக்கா" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணிக்கு டிவி நேரலையில் வருகிறேனே, பார்க்கிறாயா? கடைசிப் பத்து நிமிடம் நேயர் கடிதம். மூன்று வாரத்தில் வந்தது நாலே நாலு. ஒன்று, பழைய தொகுப்பாளர் எங்கே என்று கேட்கிறது. இன்னொன்று மின்சார ஆபீசுக்கு எழுதிய புகார், வழிதவறி வந்துவிட்டது. நேற்று தயாரிப்பாளர், "லெட்டர் வரலேன்னா அந்தப் பகுதியைத் தூக்கிடுவேன், கூடவே உன்னையும்" என்றார்.

என் லீவு லெட்டரை எல்லாம் அப்பாவின் கையெழுத்தில் எழுதித் தந்தவள் நீ. ஐந்தாறு பேராக மாறி எழுதிப் போடேன். எனக்கு வேறு கதி இல்லை.

உன் அருமைத் தம்பி,
நாடு போற்றும் தொகுப்பாளர் (தற்காலிகம்)

10 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

வாயை வைத்துப் பிழைக்கிறாய், சரி. இப்போது என் கையையும் கடன் கேட்கிறாய். ஆறு கடிதம் இத்துடன். ரிடையரான ரயில்வே கார்டு குறட்டையை நிறுத்த வழி கேட்கிறார். கல்லூரி மாணவியை இடது கையால் எழுதினேன். ஒரு தையல்காரியும் இருக்கிறாள். தன் வீட்டுக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். அவளை மட்டும் அவசரமாகப் படிக்காதே.

என் போன் கெட்டு மூன்று மாதமாகிறது. பார்க்கலாம் என்கிறார் மாமா. எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் ஜன்னல் வழியே கொடுத்தால், டூட்டிக்குப் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவார். இந்த விளையாட்டு மாமாவுக்குத் தெரிய வேண்டாம், கோபிப்பார். பதிலை நர்ஸம்மா முகவரிக்கே போடு.

பேசும்போது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசுகிறாய். "உங்க தம்பிக்குக் கழுத்துச் சுளுக்கா?" என்று நர்ஸம்மா கேட்கிறார்.

அன்புடன்,
அக்கா

19 மே

அக்கா!

எங்கேயோ போய்விட்டோம்! டிவியில் வருவதை வெட்டி ஆன்லைனிலும் போடுகிறார்கள். உன் ஆட்களில் தையல்காரிக்குத்தான் மவுசு.

"வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார், நான் என்ன செய்ய?" என்று எழுதியிருந்தாயே, நேற்று அதைப் படித்தேன். "அம்மா, நீங்கதான் அந்த வீட்டுப் பொக்கிஷம்! வாட்ச்மேன் சம்பளம் மிச்சம்னு சந்தோஷப்படுங்க" என்று சும்மா எடுத்து விட்டேன். அரங்கமே அதிர்ந்தது. ஒரே நாளில் எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எங்கிருந்து பிடித்தாய் இந்தப் பூட்டுக் கதையை?

ஜூன் முதல் தேதி நூறாவது நிகழ்ச்சி. தையல்காரியை மேடைக்குக் கூட்டி வரச் சொல்கிறார் தயாரிப்பாளர். அதற்கு ஒரு நடிகையைப் பிடித்தாயிற்று. அவள் பேச நாலு வரி எழுதி அனுப்பு. அன்று நன்றாகப் போனால் எனக்கு மூன்று வருட ஒப்பந்தம்.

உன் தம்பி,
நாடு போற்றும் தொகுப்பாளர் (நிரந்தரம்!)

28 மே

தம்பி,

நர்ஸம்மா முகவரிக்குப் போடச் சொன்னேன். குஷியில் இந்த வீட்டு முகவரியையே எழுதிவிட்டாய். மாமா பிரித்துப் படித்துவிட்டார்.

அதற்கு முன்பே தன் போனில் அந்த வீடியோத் துண்டைப் பார்த்திருந்தார், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து. "உன் தம்பிக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையே" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். உன் கடிதத்தைப் படித்த பிறகு சிரிக்கவில்லை. பேனா, காகிதம் எல்லாம் போயிற்று. முன் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார். இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சில் துண்டால் எழுதுகிறேன். சமையலறை வென்டிலேட்டர் வழியாக நர்ஸம்மாவிடம் போடுவேன். போலீசில் சொல்லட்டுமா என்கிறார். முதலில் தம்பிக்குத் தெரியட்டும் என்றேன்.

ரயில்வே கார்டும் மாணவியும் நான் கட்டிவிட்ட கதை. தையல்காரியை நான் கட்டவில்லை. அப்பா பேச்சைக் கேட்காமல் பிடிவாதம் பிடித்துப் பண்ணிக்கொண்ட கல்யாணம். உனக்கு நேராக எழுத வெட்கமாக இருந்தது. உன் வாயால் படித்தால் உனக்கே உறைக்கும் என்று நினைத்து, தினமும் பத்து மணிக்கு டிவி முன்னால் காத்திருந்தேன். நீ நன்றாகத்தான் படித்தாய். ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருந்தது. காதில்தான் வாங்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான். இல்லை என்று எழுத மனம் வரவில்லை.

தையல்காரி

30 மே

அக்கா,

நர்ஸம்மா லீவு போட்டு நேரிலேயே வந்துவிட்டார். ஸ்டுடியோ வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பஸ் பிடிப்பதற்குள் இதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். நிகழ்ச்சியில் சொல்வது மாதிரியே இருந்தது, கிழித்துப் போட்டேன். அந்த எட்டு லட்சம் பேருக்கும் முன்னால் சிரித்தவன் நான். அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாளை ஞாயிறு, மாமா நாள் முழுக்க வீட்டில் இருப்பார் என்கிறார் நர்ஸம்மா. மாமா இருக்கும்போது கதவைத் தட்டினால் கோபம் உன்மேல்தான் பாயும். திங்கள் ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுக் கிளம்புவாராமே. பூட்டுத் திறக்கிறவர் ஒருவரிடம் பேசிவிட்டேன். ஒரு பெண் போலீசும் கூட வருகிறார்.

திங்கள் வரமாட்டேன் என்று தயாரிப்பாளரிடம் சொன்னேன். "நூறாவது நாள் அன்னிக்கா? போனா அப்படியே போயிடு, திரும்பி வராதே" என்றார். "சரி சார்" என்றேன்.

நாலு துணியை மட்டும் எடுத்து வை. திங்கள் காலை பத்து மணிக்கு வழக்கம்போல் டிவியைப் போடு. வேறு யாராவது வந்து வணக்கம் சொன்னால் பதறாதே. நான் உன் வாசலில் நிற்கிறேன் என்று அர்த்தம்.

தம்பி